சுழல்காற்றுக்குப் பின் படுகாயமடைந்த கால்நடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொர்னேடோ எனப்படும் சுழல்காற்று ஓர் இடத்தைக் கடந்து போக சில நிமிடங்கள் போதும். அது போன பிறகு கொட்டகை இருந்த இடத்தில் தகரமும் மரச்சட்டங்களும் குவிந்து கிடக்கும். அதற்கு நடுவில் உயிரோடு இருக்கும் விலங்குகளை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பக்கம். கால்நடை மருத்துவர் வந்து சேரும் வரை நீங்கள் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை, யாருக்குமே எடுக்க மனம் வராத சில முடிவுகள் எல்லாம் இதில் உண்டு.

காற்று ஓய்ந்ததும் கொட்டகைக்கு ஓடலாமா?

ஓடாதீர்கள். ஒரே புயல்மேகத்திலிருந்து அடுத்தடுத்து சுழல்காற்றுகள் இறங்குவது உண்டு. எச்சரிக்கை விலக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் மின்கம்பி. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைத்துப் போய் உயிர்விட்டவர்கள் பலர். கம்பிக்கு அருகில் மாடு விழுந்து துடித்தாலும் குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஈரத் தரையில் இன்னும் தள்ளி நில்லுங்கள். மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்த பிறகு மட்டும் நெருங்குங்கள். எரிவாயு நாற்றம் அடித்தால் உள்ளே போகவே வேண்டாம். பாதி சரிந்து நிற்கும் கூரைக்குக் கீழேயும் அப்படித்தான். கெட்டியான காலணி, தோல் கையுறை, டார்ச், நீளமான கயிறு, கம்பி வெட்டும் கருவி ஆகியவற்றோடும் கூட ஒரு ஆளோடும் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

அடிபட்ட விலங்கு உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் என்று நம்ப வேண்டாம். வருடக்கணக்கில் கையில் தீனி தின்ற மாடும் வலியில் உதைக்கும். மாடு பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் வீசி உதைக்கும். அதனால் தோள்பட்டைப் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே போங்கள். தலைக்கயிறு போட்ட பிறகு கண்ணை ஒரு துணியால் மூடினால் பல விலங்குகள் அடங்கும்.

என்ன மாதிரியான காயங்களை எதிர்பார்க்கலாம்?

சுழல்காற்றை அளக்கும் அளவுகோலில் மிகக் கடுமையான பிரிவான ஈஎஃப்5, மணிக்கு 322 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்று. அந்த வேகத்தில் ஒரு மரச்சட்டம் ஈட்டியாகவும் கூரைத் தகரம் கத்தியாகவும் மாறிவிடுகின்றன. அதைவிடக் குறைந்த காற்றிலும் ஆணி, கண்ணாடித்துண்டு, முள்கம்பி, சரளைக்கல் எல்லாம் தோலுக்குள் புகுந்துவிடும். குத்துக்காயம், தோல் கிழிசல், கால் முறிவு, விலா முறிவு, முதுகெலும்பு முறிவு, கண்ணில் மண்ணும் துகளும் புகுந்த புண், இடிபாட்டுக்குள் நசுங்கிய தசை என்று ஒரே விலங்கில் நாலைந்து வகைக் காயம் இருக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். வெளியே தெரியும் ஓட்டை சிறியதாக இருந்தால் உள்ளே போன பொருளும் சிறியது என்று அர்த்தமில்லை. தோலில் ஒரு விரல் அளவு துளை, உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு மரச்சிராய் என்பது இந்தக் காயங்களில் சாதாரணம்.

இருபது விலங்குகள் அடிபட்டுக் கிடக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

அதிகமாகக் கத்துவது எதுவோ அதனிடம்தான் கால் தானாகப் போகும். போகாதீர்கள். கத்துகிற விலங்குக்குக் கத்த மூச்சு இருக்கிறது. ஓரத்தில் சத்தமில்லாமல் கிடப்பதுதான் அனேகமாக மோசமான நிலையில் இருக்கும்.

முதலில் எதையும் தொடாமல் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். எழுந்து நிற்கிறதா, மூச்சு எப்படி, ரத்தம் பீறிடுகிறதா, கண் உங்களைப் பின்தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள். கால்நடைக்கு அடையாளம் போடும் வண்ணத் தெளிப்பான் இருந்தால் முதுகில் ஒரு நிறம் அடித்துக்கொண்டே போகலாம். காப்பாற்ற முடியாதது ஒரு நிறம். இப்போதே கைவைத்தால் பிழைப்பது ஒரு நிறம். சில மணி நேரம் காத்திருக்கக் கூடியது இன்னொன்று. நிறத்துக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பாதி நாளில் உதவிக்கு வருகிறவர்கள் மாறிவிடுவார்கள்.

மனிதர்களுக்கான பேரிடர் மருத்துவத்தில், பிழைக்கவே வாய்ப்பில்லாதவர்களைக் கடைசியில் வைப்பார்கள். கால்நடைகளிடம் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிழைக்க முடியாத விலங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அது சில நிமிட வேலை. அதைத் தள்ளிப்போட்டால், மற்றவற்றுக்குக் கட்டுப் போடும் அந்த நாலைந்து மணி நேரமும் அது வலியிலேயே கிடக்கும். ஆள் போதுமானால் ஒருவர் ரத்தம் நிறுத்தட்டும், கருணைக்கொலை செய்யத் தெரிந்தவர் அதே நேரத்தில் தன் வேலையைச் செய்யட்டும்.

பிழைக்குமா, பிழைக்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பார்க்கக் கொடூரமாக இருப்பது வேறு, பிழைக்க முடியாதது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் காப்பாற்றக்கூடிய மாட்டைக் கொன்றுவிட்டு, காப்பாற்ற முடியாத மாட்டை மூன்று நாள் வைத்திருக்கிறோம்.

தகரம் சீவிய ஒரு பசுவை நினைத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டையிலிருந்து முழங்கால் வரை தோல் பிய்ந்து போர்வை மாதிரித் தொங்கும். கீழே சிவப்புத் தசை பளபளவென்று தெரியும், அதில் வைக்கோல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கொஞ்ச நேரம் நின்று அதன் வாயைப் பாருங்கள். தாடை பக்கவாட்டில் மெல்ல அசைகிறதா? கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறி வருகிறதா? அசைபோடுகிற மாடு இன்னும் வாழத்தான் நினைக்கிறது. தசைக்குக் கீழே எலும்பும் மூட்டும் நெஞ்சறையும் சேதமில்லாமல் இருந்தால் இந்தக் காயம் ஆறும், பல வாரங்கள் ஆனாலும் ஆறும்.

இதற்கு நேர்மாறாக, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் நிற்கும் குதிரை. வியர்த்து வழிகிறது, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது, அமைதியாக நிற்கும்போதே நாடி நிமிடத்துக்கு 80-க்கு மேல் ஓடுகிறது. அதற்கு உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. முதலில் மருத்துவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே ரத்தத்தைப் பார்க்காமல் இவற்றைப் பாருங்கள். மேல் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் தளர்கிறது. நாடியைக் குதிரைக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பிலும், மாட்டுக்கு வால் அடியின் உட்பக்கத்திலும் பிடிக்கலாம். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44, வளர்ந்த மாட்டுக்கு 60 முதல் 80, ஆட்டுக்கு 70 முதல் 90 வரை இயல்பு. பயத்தில் எல்லாமே கூடும். அதனால் பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இறங்கினால் நல்லது, ஏறிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும். உடல்வெப்பம் மாட்டுக்கு சுமார் 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ், குதிரைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. காது, கால் நுனி எல்லாம் சில்லிட்டுப் போய் வெப்பமும் இறங்கியிருந்தால் நிலைமை மோசம்.

எந்தக் காயங்களுக்கு நம்பிக்கை இல்லை?

முதுகெலும்பு முறிந்து பின்னங்கால்கள் செயலிழந்தவை. இதைச் சோதிக்க, பின்னங்கால் குளம்புகளுக்கு நடுவில் உள்ள தோலை அழுத்திக் கிள்ளுங்கள். காலை இழுத்துக்கொள்ளாமல், தலையும் திரும்பாமல், வாலும் துவண்டு கிடந்தால் உணர்ச்சி போய்விட்டது. குடல் வெளியே வந்து கிழிந்தோ மண்ணில் புரண்டோ கிடந்தால் கால்நடைக்கு அனேகமாக வழியில்லை. மண்டையோடு திறந்து நினைவிழந்தவை, தொடையோ முன்னங்காலின் மேல்பகுதியோ முறிந்து எலும்பு வெளியே துருத்தி நிற்கும் வளர்ந்த குதிரை அல்லது மாடு, ஒன்றுக்கு மேற்பட்ட கால்கள் முறிந்தவை, மருத்துவம் பார்த்தும் மூச்சு சீராகாமல் வாயைத் திறந்து தவிப்பவை ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

ஒரு கண் போனது இதில் சேராது. ஒற்றைக் கண்ணோடு மாடும் ஆடும் குதிரையும் நன்றாகவே வாழும். கொம்பு பிடுங்கிக்கொண்டு முகமெல்லாம் ரத்தமாக இருப்பதும் பார்வைக்குத்தான் பயங்கரம், பெரும்பாலும் பிழைத்துவிடும்.

மருத்துவர் வர நேரமாகும். அதுவரை கையால் என்ன செய்யலாம்?

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். 10 முதல் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். 500 கிலோ குதிரை உடம்பில் சுமார் 40 லிட்டர் ரத்தம் உண்டு. ஒரு வாளி சிந்தியதைப் பார்த்ததும் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குத்தி நிற்கும் சட்டத்தையோ கம்பியையோ பிடுங்காதீர்கள். ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். வெளியே நீட்டியிருப்பது தட்டுப்படாத அளவுக்குக் குட்டையாக அறுத்து, சுற்றிலும் துணி வைத்து அசையாமல் கட்டுங்கள். அறுக்கும்போது ஒருவர் அடிப்பகுதியை இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

நெஞ்சில் ஓட்டை விழுந்து, மூச்சு இழுக்கும்போது அதன் வழியாகக் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால், சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து அடைத்துக் கட்டுங்கள். அடைத்த பிறகு மூச்சுத்திணறல் கூடினால் ஒரு ஓரத்தைத் தளர்த்துங்கள். குடல் வெளியே வந்தும் கிழியாமல் இருந்தால், உப்புநீரில் நனைத்த சுத்தமான விரிப்பில் ஏந்தி வயிற்றோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். குதிரை வாயால் மூச்சு விட முடியாத விலங்கு. மூக்கு நசுங்கியிருந்தால் மற்ற காயத்தை விட்டுவிட்டு மூக்குத் துவாரத்தைத் திறந்துவைக்கப் பாருங்கள்.

மண் ஒட்டிய காயத்தைக் கழுவ, கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை தேக்கரண்டி. அதற்கும் வழியில்லை என்றால் குடிக்கத் தகுந்த தண்ணீரே போதும். நிறையக் கழுவுங்கள். பொவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி இருந்தால் வெளிர்த்த தேநீர் நிறம் வரும் வரை கலந்து ஊற்றலாம். மண்ணெண்ணெய், பினாயில், சாம்பல், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் திறந்த காயத்தில் படக்கூடாது. இவை அழுக்கோடு சேர்த்து உயிருள்ள தசையையும் எரித்துவிடும்.

படுத்துக் கிடக்கிற, விழுங்கச் சிரமப்படுகிற விலங்குக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நல்ல மனதோடு ஊற்றிய ஒரு குவளைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய், காயம் கொல்லாத மாட்டை நிமோனியா கொன்றுவிடும். தானாகக் குடிக்கிறதென்றால் வாளியை முகத்தருகே வையுங்கள், அவ்வளவுதான்.

காயத்தை உடனே தைத்துவிடுவது நல்லதில்லையா?

எல்லாக் காயத்தையும் அல்ல. சுத்தமான வெட்டுக்காயத்தை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தைப்பது வழக்கம். ஆனால் சுழல்காற்றுக் காயம் சுத்தமானது கிடையாது. மண், சாணம், மரத்தூள் எல்லாவற்றையும் காற்று தசைக்குள் அறைந்து ஏற்றியிருக்கும். 2011 மே 22-ஆம் தேதி அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைத் தாக்கிய சுழல்காற்றில் காயமடைந்த மனிதர்களில் 13 பேருக்கு, மண்ணில் வாழும் பூஞ்சை காயத்துக்குள் புகுந்து தசையை அழுக வைத்தது. 5 பேர் இறந்தார்கள். மேலே தைத்து மூடினால் உள்ளே என்ன வளரும் என்பதற்கு அது ஒரு சாட்சி. அதனால் மருத்துவர் சிலவற்றைத் திறந்தே விட்டு, தினமும் கழுவி, நாலைந்து நாள் கழித்துத் தைப்பார். கவனக்குறைவால் விட்டுவிட்டார் என்று அவரைத் தவறாக நினைக்காதீர்கள்.

இதே எச்சரிக்கை உங்கள் கைக்கும் காலுக்கும் பொருந்தும். உங்கள் கீறலையும் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

கால் முறிந்தால் கொல்லத்தான் வேண்டுமா?

எந்த விலங்கு, எத்தனை எடை, எந்த எலும்பு என்பதைப் பொறுத்தது. கன்றுக்கும் ஆட்டுக்கும் முழங்காலுக்குக் கீழே தோல் கிழியாத முறிவு என்றால் மாவுக்கட்டில் நன்றாகவே கூடும். மாடு பொறுமையாகப் படுத்துக்கிடக்கும் என்பதால் குதிரையைவிட அதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு காலை எடுத்துவிட்டாலும் ஆடு மூன்று காலில் சமாளித்துக்கொள்ளும். வளர்ந்த குதிரைக்கு மேல்காலின் பெரிய எலும்பு முறிந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அதன் எடை முழுவதும் மீதி மூன்று குளம்புகளில் இறங்கி, அவையும் கெட்டுப்போகும்.

மருத்துவர் வரும்வரை சிம்பு, அதாவது முறிந்த கால் அசையாமல் தாங்கும் பட்டை, வைத்துக் கட்டலாம். பிளாஸ்டிக் தண்ணீர்க்குழாயை நீளவாக்கில் பிளந்தால் நல்ல சிம்பு. முதலில் பஞ்சோ துணியோ கனமாகச் சுற்றி, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டுங்கள். முறிவுக்கு மேலே உள்ள மூட்டைப் பிடிக்க முடியாத இடம் என்றால் சிம்பு வேண்டாம். முறிந்த இடத்துக்கு நேராகவே சிம்பு முடிந்தால், அது நெம்புகோலாகி எலும்பைத் தோலுக்கு வெளியே தள்ளிவிடும்.

மாட்டுக்கு வெளிக்காயம் இல்லை, ஆனால் எழவே மாட்டேன் என்கிறது.

ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்க விடாதீர்கள். மாட்டின் முதல் இரைப்பையில் வாயு ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் அது வெளியேற வழியின்றி வயிறு ஊதி, நுரையீரலை அழுத்தும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, தோளுக்கு வைக்கோல் கட்டு அல்லது மணல்மூட்டை முட்டுக்கொடுங்கள்.

அப்புறம் அதன் சொந்த எடையே எதிரி. கெட்டித் தரையில் 6 மணி நேரத்துக்கு மேல் ஒரே தொடையில் கிடந்தால் அடியில் இருக்கும் தசையும் நரம்பும் நசுங்கி, முதலில் எழக்கூடியதாக இருந்த மாடு எழமுடியாத மாடாகிவிடும். மணல் அல்லது கனமான வைக்கோல் படுக்கைக்கு, ஒரு கதவுப்பலகையிலோ தடித்த விரிப்பிலோ உருட்டி இழுத்துக் கொண்டுபோங்கள். கழுத்திலோ காலிலோ கயிறு கட்டித் தரையில் இழுக்கவே கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முதல் 24 மணி நேரத்தில் எழ முயற்சி செய்கிறதா என்பதுதான் அளவுகோல். முயற்சி செய்து விழுகிற மாட்டுக்கு இன்னும் நேரம் கொடுக்கலாம். தீனியையும் தண்ணீரையும் வெறுத்து, முயற்சியையும் விட்டுவிட்ட மாட்டைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டிய வேளை அது.

வீட்டில் இருக்கும் வலிமருந்தைக் கொடுக்கலாமா?

தொலைபேசியிலாவது மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஒரு விலங்குக்கு ஏற்ற அளவு இன்னொன்றைக் கொன்றுவிடும். மயக்கத்துக்குப் போடும் சைலசின், குதிரைக்குத் தேவைப்படும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும்.

டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்தைக் கொடுக்கவே கூடாது. அந்த மருந்து போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் தெற்காசியாவில் கூட்டங்கூட்டமாக அழிந்தன. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகியவை 2006-இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தன. மெலாக்சிகம் கழுகுகளுக்குக் கேடு செய்யாது, வலியையும் நன்றாகத் தணிக்கும். எந்த மருந்து எப்போது போட்டீர்கள் என்பதை எழுதிவையுங்கள். பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

கருணைக்கொலையை யார், எப்படிச் செய்ய வேண்டும்?

முடிந்தவரை கால்நடை மருத்துவர். பென்டோபார்பிட்டால் போன்ற மருந்தை நரம்பில் ஏற்றினால் தூங்கியபடி போய்விடும். பேரிடரில் மருந்து தீர்ந்துபோவதும் மருத்துவர் கிடைக்காததும் நடக்கும். அப்போது பயிற்சி பெற்றவர் துப்பாக்கியாலோ, நெற்றியில் வைத்து அடிக்கும் போல்ட் கருவியாலோ செய்யலாம், உங்கள் நாட்டுச் சட்டம் இடம்கொடுத்தால். மாட்டுக்கு இடம், இரண்டு கண்களுக்கு நடுவில் அல்ல, அதற்கு மேலே. ஒவ்வொரு கண்ணின் வெளிமூலையிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்படிக்குக் கோடு போட்டால் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி. போல்ட் கருவி பல நேரம் நினைவை மட்டுமே போக்கும். உடனே ரத்தத்தை வடித்து முடிக்க வேண்டும்.

சம்மட்டியால் அடிப்பது, நரம்பில் காற்றை ஏற்றுவது, கிருமிநாசினியை ஊசியில் போடுவது, வீட்டு மின்சாரம் பாய்ச்சுவது, தண்ணீரில் அமுக்குவது எதுவும் கருணை அல்ல. பதற்றத்தில் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

முடிந்த பிறகு உறுதி செய்யுங்கள். சீரான மூச்சு இல்லை, விழியின் மேல் விரல் பட்டால் இமை அசையவில்லை, இதயத்துடிப்பு பல நிமிடங்களாக இல்லை. கால்கள் சற்று நேரம் உதறுவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அதை உயிர் என்று நினைக்கவும் வேண்டாம். ஆனால் இமை அசைந்தால் உடனே மறுபடி செய்ய வேண்டும்.

மருத்துவரும் இல்லை, கருவியும் இல்லை. கண்முன்னால் துடிக்கிறது.

காவல்துறை, தீயணைப்பு, அருகில் உள்ள இறைச்சிக்கூடப் பணியாளர்கள் என்று எல்லோரையும் கேளுங்கள். முறையாகச் செய்யத் தெரிந்தவர் எங்காவது இருப்பார். வரும்வரை நிழல் கொடுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்தையும் நாய்களையும் விலக்குங்கள். கூட்டமாக வாழும் விலங்கு இது. இன்னொரு அமைதியான மாடோ ஆடோ பார்வை படும் தூரத்தில் நின்றால் நடுக்கம் குறையும். பக்கத்தில் உட்கார்ந்து பழகிய குரலில் பேசுங்கள். அதுவும் அதற்கு உதவிதான்.

அறுத்து இறைச்சிக்குக் கொடுத்துவிடலாமா?

பல நாடுகளில் முடியாது. அமெரிக்காவில் 2009 முதல் எழமுடியாத மாட்டை உணவுக்காக அறுக்கத் தடை உண்டு. மருந்து போட்ட எதையும், இறைச்சியைத் தவிர்க்க வேண்டிய நாட்கள் முடியும் வரை எங்கேயும் கொடுக்கக் கூடாது. முறிந்த காலோடு வண்டியில் ஏற்றி அனுப்புவதைத் தயவுசெய்து நினைக்கவே வேண்டாம்.

நான் வளர்த்தது. முடிவெடுக்க மனம் வரவில்லை.

வராதுதான். பிறந்த அன்று கையில் ஏந்திய கன்று அது. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இது பிழைத்தால் நின்று, நடந்து, மேய்ந்து வாழுமா? அதுவரை அது படும் வலியை மருந்தால் அடக்க முடியுமா?" இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், காத்திருப்பது நமக்காகத்தான், அதற்காக அல்ல.

கூட இருப்பதா, விலகிப் போவதா என்பது உங்கள் விருப்பம். இரண்டுமே சரிதான். குழந்தைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "ரொம்ப வலித்தது, குணமாக்க முடியவில்லை, வலியில்லாமல் போக டாக்டர் உதவினார்" என்றால் அவர்களுக்குப் புரியும். ஒரே நாளில் மந்தையில் பாதியை இழந்தவர்கள், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். "மாட்டுக்காகவா அழுகிறாய்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் நிலத்தில் யாருடையதோ மாடு அடிபட்டுக் கிடக்கிறது.

ரத்தத்தை நிறுத்துங்கள், தண்ணீர் வையுங்கள், காதுவில்லை எண்ணையும் சூட்டுக்குறியையும் படமெடுத்து அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். உரிமையாளர் தெரியாமல் கொல்லும் முடிவை மருத்துவரோ காவல்துறையோ எடுக்கட்டும்.

காயமே படாத மாடுகளை மேயவிடலாமா?

பொறுங்கள். மேய்ச்சல் நிலத்தில் ஆணியும் கம்பித்துண்டும் இறைந்து கிடக்கும். மாடு தீனியைப் பொறுக்கித் தின்னாது, நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும். விழுங்கிய ஆணி இரண்டாம் இரைப்பையில் தங்கி, சுவரைத் துளைத்து, இதயம் வரை போகலாம். முதுகை வளைத்து நிற்பது, இறக்கத்தில் நடக்கும்போது முனகுவது, தீனியை விடுவது, பால் திடீரென்று குறைவது எல்லாம் அதன் அறிகுறிகள். நிலத்தைக் காந்தம் இழுத்துச் சுத்தம் செய்யும் வரை வேறு இடத்தில் கட்டித் தீனி போடுங்கள். மாட்டுக்குள்ளேயே விழுங்கவைக்கும் காந்தமும் உண்டு. அது இரும்பை ஓரிடத்தில் பிடித்துவைக்கும். அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் அது உதவாது.

உடைந்த தானியக் கிடங்குக்குள் நுழைந்து வயிறுமுட்டத் தின்ற மாட்டுக்கு ஒரு நாளில் இரைப்பை புளித்து உயிருக்கே ஆபத்து வரும். கறவைகளைக் கறக்காமல் விட்டால் மடி கட்டி மடிநோய் வரும். மின்சாரம் இல்லாவிட்டாலும் கையால் கறந்துவிடுங்கள்.

சிறிய குத்துக்காயங்களைத் தினமும் பாருங்கள். ஈ வைத்த முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். ரணஜன்னி என்கிற டெட்டனஸ் சில நாட்களிலிருந்து மூன்று வாரம் வரை கழித்து வரும். குதிரை, ஆடு இரண்டுக்கும் அது அதிகம். உடம்பு விறைப்பது, வாய் திறக்க முடியாமல் போவது, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு குறுக்கே வந்து மறைப்பது ஆகியவற்றைப் பார்த்தால் உடனே அழையுங்கள். அடிபட்டவற்றுக்கு முதல் நாளே தடுப்பூசியைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. சினை மாடுகள் அடுத்த சில வாரங்களில் கன்று வீசக்கூடும், அதாவது கரு கலையக்கூடும்.

தாயை இழந்த கன்று?

அன்றைக்கே பிறந்தது என்றால் சீம்பால்தான் முதல் மருந்து. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர், முடிந்தவரை முதல் சில மணி நேரத்துக்குள். ஒரு நாள் கழிந்தால் குடல் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது. வேறொரு மாட்டின் சீம்பாலும் ஆகும்.

கோழி, பன்றி?

கோழிகள் பெரும்பாலும் குளிரிலும் நெரிசலிலும் இறக்கும். இறக்கை மட்டும் ஒடிந்தது பிழைக்கும். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. கூரை போன இடத்தில் வெயில் ஏறுமுன் நிழலும் ஈரமும் கொடுங்கள்.

இறந்த உடல்களை என்ன செய்வது?

புதைக்கும் முன் ஒவ்வொன்றையும் காதுவில்லை தெரியும்படி படமெடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அதுதான் சான்று. எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்பதை உள்ளூர் விதி சொல்லும். கிணறு, ஓடை, நிலத்தடி நீர் மட்டம் மூன்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். மாட்டைப் புதைக்குமுன் இரைப்பையைக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வாயு சேர்ந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். சுண்ணாம்பு கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது மக்குவதைத் தாமதப்படுத்தும்.

பென்டோபார்பிட்டால் போட்ட உடலைத் தனியாகக் குறித்துவைத்து, அன்றே ஆழப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். அந்த மருந்து இறைச்சியில் வெகுநாள் அழியாமல் இருக்கும். இரவில் ஒரு நாய் தோண்டித் தின்றால் அதுவும் செத்துப்போகும். புதைக்கும்வரை தார்ப்பாயால் மூடி, நான்கு ஓரத்திலும் கல் வையுங்கள்.